குருதியணு விகிதமும் புற்றுநோய் மருத்துவமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



ஆண்டுதோறும் இம்மேடையில் இலக்கியம் பேசுவோர் உளர். இசை பேசுவோர் உளர். யாமோ மெட்ரிகுலேஷனோடு பள்ளியை விட்டோம். புசாவல் நிலையத்து முன்பதிவு அலுவலகத்தில் எழுத்தராகக் காலம் கழிக்கிறோம். ஆதலின் நம் செயலாளர் எமது இல்லத்திற்கு வந்து, "இவ்வாண்டு நீங்களும் அரைமணி நேரம் பேச வேண்டும்" என்று கேட்டபொழுது மெய்யாகவே திகைத்துப் போனோம். "என்ன பேசுவது?" என்றோம். "நீங்கள் பட்டதைப் பேசுங்கள், கேட்பவர்க்குப் பயன்படும்" என்றார். உள்ளே காப்பி கலந்துகொண்டிருந்த எம் இல்லத்தாரும், "அந்த விகிதக் கதையைச் சொல்லுங்கள்" என்று குரல் கொடுத்தார். அவர் இசைவு கொடுத்துவிட்டமையால் அதனையே இன்று சொல்கிறோம்.

எமது சாளரத்தின் முன்னே நிற்கும் வரிசையில் அடிக்கடி ஒரு படிவம் நீட்டப்படும். புற்றுநோயாளரும் துணைக்குச் செல்வோரும் மருத்துவத்திற்காகப் பயணம் செய்யக் கட்டணச் சலுகை உண்டல்லவா? அதற்காக மருத்துவமனை முத்திரையிட்டுக் கொடுக்கும் படிவம் அது. வாழைத் தோட்டத்திலிருந்தும் பருத்திக் காட்டிலிருந்தும் வருவோர் அதனை நீட்டும்பொழுது குரலைத் தாழ்த்திக்கொள்வர். மும்பைக்கு என்பார்கள்; எந்த வண்டி என்று நாம் கேட்டால், எதுவாயினும் சரி என்பார்கள். அந்தத் தாழ்ந்த குரலைப் பல ஆண்டுகள் கேட்டிருக்கிறோம். 2022-ஆம் ஆண்டு கோடையில் எம் மனைவியார்க்கு மார்பில் புற்று என்று அறிந்தோம். எமக்கு அப்படிவம் தேவைப்படவில்லை. இரயில்வே ஊழியர்க்குப் பாஸ் உண்டு. ஆனால் அந்தக் குரல் மட்டும் எமக்கும் வந்து சேர்ந்தது.

அதன்பின் எம் வீட்டில் இரத்தப் பரிசோதனை அறிக்கைகள் குவியலாயின. எண்ணைக் கண்டால் கூட்டிக் கழித்துப் பார்ப்பது எம் போன்ற எழுத்தரின் பிறவிக் குணம். அவ்வறிக்கையிலுள்ள இரண்டு எண்களை ஒன்றால் மற்றொன்றை வகுத்துப் பார்த்தால் நோயின் போக்கே தெரிந்துவிடும் என்று எங்கோ படித்தோம். அந்த வகுத்தல் கணக்கு எம்மை இருமுறை வழிதவறச் செய்தது. அது மெய்யான அறிவியலே, பொய்யன்று. மெய்யானது எங்ஙனம் வழிதவறச் செய்தது என்பதே இன்றைய பேச்சு.

முதலில் அந்த எண்கள் யாவை என்பதைச் சொல்லிவிடுகிறோம். ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில், அதாவது குண்டூசித் தலையளவினும் சிறிய துளியில், வெள்ளணுக்கள் 4,000 முதல் 11,000 வரை இருக்கும். தட்டணுக்கள் ஒன்றரை இலட்சம் முதல் 4 இலட்சம் வரை. வெள்ளணுக்களிலே பல சாதியுண்டு. அவற்றுள் நூற்றுக்கு 40 முதல் 75 வரை நியூட்ரோபில் எனப்படுபவை. 20 முதல் 40 வரை லிம்போசைட் எனப்படுபவை. மற்றவை சிறுபான்மை. நியூட்ரோபில் எண்ணை லிம்போசைட் எண்ணால் வகுத்தால் வருவதே நாம் பேசும் விகிதம். 60-ம் 30-ம் ஆயின் விகிதம் 2. இதற்கெனத் தனிப் பரிசோதனை இல்லை. தனிச் செலவும் இல்லை. சாதாரண இரத்த அறிக்கையும் ஒரு பென்சிலும் போதும். அதுவே அதன் கவர்ச்சி. அதுவே அதன் ஆபத்தும் ஆகும்.

இவ்விரு அணுக்களின் இயல்பை நம் இருப்புப்பாதை மக்களுக்கு எளிதில் விளக்கலாம். எங்கேனும் வண்டி தடம்புரண்டால் சங்கொலி கேட்ட மாத்திரத்தில் விபத்து நிவாரண வண்டி புறப்படுமன்றோ? என்ன விபத்து, எவர் தவறு என்று கேட்டுக்கொண்டு நிற்பதில்லை. நியூட்ரோபில் அத்தகையது. முள் தைத்தாலும், கிருமி புகுந்தாலும், கத்தி பட்டாலும் முதலில் ஓடி வருவது அது. இரத்தத்தில் அதன் வாழ்நாள் ஏறக்குறைய ஒரு நாளே. ஆதலின் எலும்பு மச்சை நாள்தோறும் 10,000 கோடி அளவில் அவற்றைப் படைத்துத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. லிம்போசைட்டோ பழைய ஆவண அறையில் அமர்ந்திருக்கும் முதிய எழுத்தரைப் போன்றது. ஒருமுறை கண்ட முகத்தை மறவாது. எந்தக் கிருமி, எந்த அணு நம்முடையது, எது நம்முடையதன்று என்று தேர்ந்து அறிவது அது. அவற்றுள் ஒரு வகை, புற்றணுவை இனங்கண்டு கொல்லவும் வல்லது.

இவற்றை எண்ணும் கலைக்கும் ஒரு வரலாறு உண்டு. வெறுங் கண்ணாடியில் பார்த்தால் வெள்ளணுக்கள் எல்லாம் ஒன்றுபோலவே தோன்றும். ஜெர்மானியரான பால் எர்லிக் 1870-களின் இறுதியில் சாயங்களைக் கொண்டு அவற்றுக்கு நிறமேற்றி, இது வேறு, அது வேறு என்று பிரித்துக் காட்டினார். துணிக்கு ஏற்றும் சாயம் அணுவின் சாதியைக் காட்டியது! 1908-ஆம் ஆண்டு நோபெல் பரிசு அவர்க்கும் மெச்னிக்காவுக்கும் பகிர்ந்தளிக்கப் பெற்றது. அணுக்கள் கிருமிகளை விழுங்கும் என்று கண்டவர் மெச்னிக்காவ். பின்னர் நெடுங்காலம் ஆய்வுக்கூடத்தார் நிறமேற்றிய கண்ணாடித் துண்டை நுண்பெருக்கியின் கீழ் வைத்து, ஒன்று, இரண்டு என நூறு அணுக்களை விரலால் எண்ணி வந்தனர். அமெரிக்கரான வாலஸ் கூல்ட்டர் 1953-ஆம் ஆண்டு காப்புரிமை பெற்ற கருவியில், அணுக்கள் ஒரு சிறு துளையின் வழியே ஒவ்வொன்றாய்ச் செல்லும். செல்லும்பொழுது மின்னோட்டம் சற்றே தடைப்படும். தடையை எண்ணினால் அணுவை எண்ணியதாயிற்று. வாயிலில் நின்று சீட்டைப் பார்த்து உள்ளே விடும் பரிசோதகரின் வேலைதான், வேறென்ன!

புற்றுக்கும் இந்த அணுக்களுக்கும் உறவுண்டு என்று 1863-ஆம் ஆண்டிலேயே ருடால்ப் விர்க்கோ என்னும் ஜெர்மானிய அறிஞர் எழுதினார். கட்டியின் திசுவினுள்ளே வெள்ளணுக்கள் திரண்டிருக்கக் கண்டு, அழற்சிக்கும் புற்றுக்கும் தொடர்பிருக்க வேண்டும் என்றார். ஆயினும் விகிதம் என்னும் கணக்கு மிகவும் பிந்தியது. சுலோவாகியா நாட்டின் பிராத்திசுலாவா நகரத்து மருத்துவர் சகோரெக் என்பவர், 2001-ஆம் ஆண்டில், தீவிர சிகிச்சையிலிருந்த நோயாளரின் உடல் எவ்வளவு அல்லற்படுகிறது என்பதை அளக்க இவ்விகிதம் எளிய கருவியாகும் என்று எழுதினார். அவர் எழுதியது உடலின் நெருக்கடியை அளப்பது பற்றி. விரைவில் புற்றுநோய் அறிஞர்கள் அதனைத் தம் நோயாளர்க்குப் பொருத்திப் பார்க்கலாயினர்.

காரணமும் இல்லாமலில்லை. வளரும் கட்டி வாளாவிருப்பதில்லை. அது இரசாயனச் செய்திகளை எலும்பு மச்சைக்கு அனுப்பி, ஆள் வேண்டும், ஆள் வேண்டும் என்று கேட்கிறது. மச்சையும் நியூட்ரோபில்களை மிகுதியாக அனுப்புகிறது. வந்தவற்றுட் சில, காவலுக்கு வந்தவர் களவுக்குத் துணை நின்றாற்போல, கட்டிக்குப் புதிய இரத்தக் குழாய்கள் அமைய உதவுகின்றன. லிம்போசைட்டுகளின் கையைக் கட்டிப் போடுகின்றன. ஒருபுறம் முன்னவை பெருக, மறுபுறம் பின்னவை குறைய, விகிதம் உயர்கிறது. உயர்ந்த விகிதம் நோயின் வன்மையையும் உடலின் தளர்ச்சியையும் ஒருங்கே காட்டும் என்பது கருத்து.

2005-ஆம் ஆண்டில் இங்கிலாந்து மருத்துவர் சிலர், பெருங்குடற் புற்றுக்கு அறுவை செய்துகொண்டோரை ஆராய்ந்து, அறுவைக்கு முன் விகிதம் 5-க்கு மேலிருந்தவர் குறைந்த நாளே வாழ்ந்தனர் என்று கண்டனர். அதன்பின் ஆராய்ச்சிகள் மழைக்காலத்து ஈசல்போல் பெருகின. 2014-ஆம் ஆண்டு வெளியான ஒரு தொகுப்பாய்வு அத்தகைய 100 ஆய்வுகளை ஒன்று சேர்த்தது. அவற்றில் அடங்கிய நோயாளர் 40,559 பேர். விகிதம் எல்லைக்கு மேலிருந்தோர்க்கு, மற்றவரைக் காட்டிலும் இறப்பின் வேகம் 1.81 மடங்கு என்பது அதன் முடிவு. ஏறக்குறைய எல்லா வகைப் புற்றிலும் இதே போக்கு காணப்பட்டது.

இந்த 5 என்னும் எண்ணை யாம் கைபேசியில் படித்து மனத்தில் முடிந்து வைத்திருந்தோம்.

எம் மனைவியார்க்கு அறுவை முடிந்தபின், மூன்று வாரத்திற்கு ஒருமுறை மும்பை சென்று டோசிடாக்செல் என்னும் மருந்தை ஏற்றிக்கொள்ள வேண்டுமென்று ஏற்பாடாயிற்று. மருந்து ஏற்றும் முதல் நாளே ஒரு மாத்திரையைத் தொடங்க வேண்டும். காலையும் இரவும் அதனை விழுங்கிவிட்டு இரவு வண்டி ஏறினோம். மறுநாட் காலை மருத்துவமனையில் இரத்தம் எடுத்தனர். நண்பகலில் அறிக்கை கைக்கு வந்தது. தாழ்வாரத்து மூலையில் நின்றபடி பிரித்தோம். மொத்த வெள்ளணு 12,000, நியூட்ரோபில் 88, லிம்போசைட் 8. எமக்குப் பென்சில்கூடத் தேவைப்படவில்லை. 88-ஐ 8-ஆல் வகுத்தால் 11. அறுவைக்கு முன் இருந்த விகிதம் 2. எல்லையோ 5. இப்பொழுது 11!

கால் தளர்ந்தது. திருச்சியிலுள்ள எம் மைத்துனர்க்குத் தொலைபேசியில் சொன்னோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "மாப்பிள்ளை, போதும். இனி அவளை வருத்த வேண்டாம். ஊருக்கு அழைத்து வந்துவிடுங்கள், அம்மா பார்க்க வேண்டும் என்கிறாள்" என்றார். அவர் சொன்னது எமக்கும் சரியென்றே பட்டது. எம் மனைவியாரோ பலகையில் அமர்ந்து, கையிலிருந்த வில்லையின் எண் அழைக்கப்படுகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார். "அறிக்கையில் என்ன?" என்றார். "ஒன்றுமில்லை" என்றோம். இருபதாண்டு இல்லறத்தில் அந்த "ஒன்றுமில்லை" என்பதன் பொருளை அவர் அறியாதவரா?

மருத்துவ அம்மையாரிடம் சென்று, "இனி மருந்து வேண்டாம், எழுதிக் கொடுங்கள்" என்றோம். அவர் ஏன் என்று கேட்டார். விகிதத்தைச் சொன்னோம். அவர் சிரிக்கவில்லை, சினக்கவும் இல்லை. "மாத்திரையை எப்பொழுது விழுங்கினார்?" என்று ஒரே கேள்வி கேட்டார். நேற்றுக் காலையும் இரவும் என்றோம். பின்னர் விளக்கினார். அம்மாத்திரையின் பெயர் டெக்சாமெத்தசோன், ஸ்டீராய்டு இனத்தது, ஒவ்வாமையும் நீர்கோப்பும் நேராதிருக்கத் தருவது. இரத்தக் குழாய்களின் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் நியூட்ரோபில்களை அது உதிர்த்து ஓட்டத்தில் விடும். லிம்போசைட்டுகளை ஓட்டத்திலிருந்து ஒதுங்கச் செய்யும். நிலையத்திற்கு வெளியே அரசமரத்தடியில் காத்திருந்தோர் எல்லாம் நடைமேடைக்கு வந்துவிட்டாற்போலத்தான். கூட்டம் பெரிது, ஆனால் புதிதாக ஒருவரும் ஊருக்குள் வரவில்லை. அந்த 11 என்பது புற்றின் எண்ணன்று, மாத்திரையின் எண்.

அன்று பிற்பகலே மருந்து ஏற்றப்பெற்றது. திரும்பும் வண்டியில், கல்யாண் தாண்டியபின், எம் மனைவியார் மெல்லச் சொன்னார்: "அந்த எண்ணைப் பார்த்தீர்கள், என்னைப் பார்க்கவில்லை." அதற்கு எம்மிடம் மறுமொழி இருக்கவில்லை.

மாத்திரை மட்டுமன்று. காய்ச்சல், சளி, அறுவைப் புண், மாரடைப்பு, புகைபிடித்தல், கடும் உழைப்பு, மனக்கவலை, மகப்பேறு ஆகிய எதுவும் இவ்விகிதத்தை உயர்த்தவல்லது. நியூட்ரோபில் பெருக ஊசி போட்டிருப்பின் கேட்கவே வேண்டாம். நலமாக உள்ளோர்க்கு இது எவ்வளவு இருக்கும் என்று பெல்ஜியத்தில் பார்த்தனர். 2017-இல் வெளியான அக்கணக்கு, 0.78 முதல் 3.53 வரை என்றது. 2014-இல் வெளியான அமெரிக்கக் கணக்கொன்றில், வெள்ளையர்க்குச் சராசரி 2.24, கறுப்பினத்தார்க்கு 1.76. மரபுக்கு மரபு இவ்வளவு வேற்றுமை என்றால், ஓரிடத்து எல்லைக்கோட்டைப் பெயர்த்து வந்து மற்றோரிடத்தில் நடுவது எங்ஙனம் பொருந்தும்?

எல்லைக்கோடே நிலையாக இல்லை என்பதும் பின்னர்த் தெரிந்துகொண்டோம். ஓர் ஆய்வில் 2.5, மற்றொன்றில் 3, வேறொன்றில் 4 அல்லது 5. பலர், நோயாளர் எவ்வளவு நாள் வாழ்ந்தனர் என்பதைப் பார்த்தபிறகு, எந்த எண்ணில் கோடு கிழித்தால் இரு கூட்டமும் நன்கு பிரியும் என்று தேடி அங்கே கிழித்தனர். இது வண்டி வந்து சேர்ந்தபின் கால அட்டவணை எழுதுவதை ஒக்கும். அவ்வாறு எழுதினால் எந்த வண்டியும் தாமதமாக வராது! தட்டணுவை லிம்போசைட்டால் வகுப்போர் உளர். லிம்போசைட்டை மோனோசைட்டால் வகுப்போர் உளர். தட்டணுவையும் நியூட்ரோபிலையும் பெருக்கி லிம்போசைட்டால் வகுக்கும் முறையை 2014-இல் சீனத்தார் ஈரற்புற்று நோயாளரிடம் கண்டு வெளியிட்டனர். எல்லாம் ஒரே குடும்பம்; ஒன்றைப் பற்றிச் சொன்னது மற்றவற்றுக்கும் ஒக்கும்.

விகிதம் என்பதன் குணத்தை நாம் வெளியே சென்று கற்க வேண்டியதில்லை. இந்த அவையில் அமர்ந்திருப்போரிற் பாதிப்பேர் இரயில்வே குடும்பத்தார். நம் நிர்வாகத்துக்கும் இயக்க விகிதம் என்று ஒன்று உண்டு. 100 ரூபாய் ஈட்ட எத்தனை ரூபாய் செலவாகிறது என்பது. 2019-20-ஆம் ஆண்டுக்கு அது 98.36 என்று வெளியிட்டனர். ஓய்வூதியத்திற்கு மெய்யாக ஆன செலவை முழுதும் சேர்த்திருந்தால் அது 114.35 ஆகியிருக்கும் என்று இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் எழுதினார். ஒரே ஆண்டு, அதே வண்டிகள், அதே பயணிகள். மேலே எதனை வைத்தோம், கீழே எதனை வைத்தோம் என்பதில் இரு வேறு எண்கள். மேலும் 98 என்று கேட்ட மாத்திரத்தில், எந்தப் பாலம் பழுது, எந்த நிலையத்தில் குடிநீரில்லை என்று எவரேனும் சொல்ல இயலுமா? ஆயினும் அவ்வெண் வீணன்று. நூறாண்டு நடப்பை ஒருசேர நோக்குவோர்க்கு அது நிறையச் சொல்லும்.

அந்த 1.81 மடங்கு என்பதையும் இவ்வாறே நோக்க வேண்டும். பேச்சுக்காக ஒரு கணக்குப் போடுவோம். விகிதம் குறைந்தவர் 100 பேர். அவர்களுள் ஒரு குறிப்பிட்ட காலத்திற்குள் 20 பேர் இறந்தனர் என்று கொள்வோம். 1.81 மடங்கு வேகமாயின், விகிதம் மிகுந்த 100 பேரில் அதே காலத்திற்குள் ஏறக்குறைய 33 பேர் இறப்பர். இரண்டுக்கும் வேற்றுமை உண்டு; மறுப்பதற்கில்லை. ஆனால் கெட்ட விகிதம் உடைய 100 பேரில் 67 பேர் உயிரோடிருக்கின்றனர். நல்ல விகிதம் உடையவருள் 20 பேர் இல்லை. நம் முன்னே பலகையில் வில்லையைப் பிடித்தபடி அமர்ந்திருக்கும் ஒருவர் 67-இல் ஒருவரா, 33-இல் ஒருவரா என்பதை அவ்வெண் சொல்வதில்லை.

இன்னொன்றும் உண்டு, இதனை அந்த மருத்துவ அம்மையார் வாயிலாகவே அறிந்தோம். நோயின் போக்கைக் காட்டும் குறி வேறு. இன்ன மருந்து இவர்க்குப் பலிக்கும் என்று காட்டும் குறி வேறு. மழையால் பாதை நனைந்திருக்கிறது, வண்டி தாமதமாகும் என்பது முதல்வகை அறிவு. எந்த வழியாக விட்டால் வண்டி விரைவில் சேரும் என்பது இரண்டாம் வகை. மார்பகப் புற்றில் ஹார்மோன் ஏற்பி உண்டா இல்லையா என்ற பரிசோதனை இரண்டாம் வகை. உண்டென்றால் இன்ன மாத்திரை என்று முடிவெடுக்கலாம். நம் விகிதம் பெரும்பாலும் முதல் வகையைச் சார்ந்தது.

புதிய தடுப்பாற்றல் மருந்துகள் வந்தபின் இதனை இரண்டாம் வகைக்கும் உயர்த்தலாகுமா என்று முயன்று வருகின்றனர். லிம்போசைட்டுக்குப் போடப்பட்ட பூட்டைத் திறந்துவிடும் மருந்துகள் அவை. அவ்வழியைக் கண்ட ஆலிசன், ஹோன்ஜோ என்னும் இருவர்க்கும் 2018-ஆம் ஆண்டு நோபெல் பரிசு கிடைத்தது. விலையோ சாமானியர் எட்ட இயலாதது. எவர்க்குப் பயன்படும் என்று முன்னரே அறிந்தால் எத்தனையோ குடும்பங்கள் நிலத்தை விற்காமல் தப்பும். 2021-இல் வெளியான நியூயார்க் ஆய்வொன்றில், இம்மருந்து பெற்ற 1,714 பேரை, 16 வகைப் புற்று உடையோரை, ஆராய்ந்தனர். மருந்துக்கு முன் விகிதம் குறைவாக இருந்தோர்க்கே மருந்து நன்கு பலித்தது. கட்டியின் மரபணுப் பிழைகளின் எண்ணிக்கையையும் உடன்சேர்த்து நோக்கினால் இன்னும் தெளிவாகப் பிரிந்தது. நற்செய்திதான். ஆனால் விகிதம் மிகுந்தோர் வேறெந்த மருந்து பெற்றிருந்தாலும் நலிந்தே இருப்பரோ என்னும் ஐயம் தீர வேண்டுமல்லவா? இவ்விகிதம் ஒன்றை மட்டும் பார்த்து மருந்தைக் கொடுப்பதும் மறுப்பதும் மருத்துவர் வழக்கமன்று.

இத்தனை கேட்டபிறகும் எம் புத்தி திருந்தவில்லை என்பதைச் சொல்லாமல் விட்டால் பொய் சொன்னவராவோம்.

அந்த முதல் மருந்து ஏற்றிய எட்டாம் நாள் இங்கேயே இரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லியிருந்தனர். மாலையில் அறிக்கை வந்தது. மொத்த வெள்ளணு 1,100. மருந்தினால் குறையும் என்று முன்னமே சொல்லியிருந்தமையால் அதனைப் பொருட்படுத்தவில்லை. நியூட்ரோபில் 20; லிம்போசைட் 65. கை தன்னாலே வகுத்தது: 0.3! ஸ்டீராய்டின் மயக்கமும் இதில் இல்லை, மாத்திரையை நிறுத்திப் பல நாளாயிற்று. பள்ளி இறுதித் தேர்வில் எண் வந்துவிட்டதைச் செய்தித்தாளில் கண்ட பிள்ளையைப் போல் அடுக்களைக்கு ஓடி, "11 போய் 0.3 வந்துவிட்டது" என்றோம். அன்றிரவு பாயசம்கூட வைக்கச் சொன்னோம்.

நள்ளிரவு ஒரு மணிக்கு அவர்க்குக் குளிர் நடுக்கம் கண்டது. வெப்பமானியில் 101 பாகை. யாம், "விகிதம் இவ்வளவு நன்றாக இருக்கிறது, இது சாதாரணக் காய்ச்சல், ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு படு, காலையில் பார்ப்போம்" என்றோம். அவர் எழுந்து, நடுங்கும் கையோடு பீரோக் கதவைச் சுட்டிக் காட்டினார். மருத்துவமனையில் கொடுத்த சீட்டை அதில் ஒட்டி வைத்திருந்தார். 100.4 பாகைக்கு மேல் சென்றால் நேரம் பாராது மருத்துவமனைக்கு வரவும் என்று அதில் மூன்று மொழிகளில் இருந்தது. "உங்கள் விகிதம் இதில் இல்லை, வண்டி கூப்பிடுங்கள்" என்றார்.

அண்டை வீட்டார் எழுந்து உதவினர். அவர்கள் இந்த அவையில் இருக்கின்றனர், பெயரைச் சொன்னால் கோபிப்பர். அருகிலிருந்த மருத்துவமனையில் ஒரு மணி நேரத்திற்குள் கிருமிக் கொல்லி மருந்து நரம்பில் ஏறியது. ஐந்து நாள் உள்ளே இருந்தார். விடியற்காலையில் அங்கிருந்த இளைய மருத்துவரிடம் 0.3 என்று யாம் பெருமையோடு சொல்ல, அவர் அறிக்கையின் பின்புறம் எழுதிக் காட்டினார். 1,100-இல் நூற்றுக்கு 20 என்றால் 220. நியூட்ரோபிலின் உண்மையான எண்ணிக்கை அவ்வளவே. 500-க்குக் கீழ் போனால் கிருமியைத் தடுக்க ஆளில்லை. வாயிலும் குடலிலும் எப்பொழுதும் குடியிருக்கும் கிருமிகளே இரத்தத்தில் புகுந்துவிடும். சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகலாம். காய்ச்சல் ஒன்றே அறிவிப்பு. சீழ் வராது, சிவப்பு வராது. ஏனெனில் சீழாவதற்கும் நியூட்ரோபில் வேண்டுமே!

சிந்தித்துப் பாருங்கள். 11 என்று வந்த நாளில் எம் மனைவியார்க்கு ஆபத்து எதுவுமில்லை. மருந்தையே நிறுத்த இருந்தோம். 0.3 என்று வந்த நாளில் மெய்யாகவே உயிர் ஊசலாடியது. யாம் பாயசம் குடித்துக்கொண்டிருந்தோம். வகுத்தல் கணக்கில் பிழை இல்லை. இரண்டு எண்களை ஒன்றாக்கும்பொழுது இரண்டும் மறைந்துபோகின்றன. அவற்றுள் எது ஏறியது, எது இறங்கியது, எவ்வளவு மிஞ்சியது என்பது விகிதத்தில் தெரிவதில்லை. மருத்துவர் நோக்குவது விகிதத்தை அன்று, அந்த 220-ஐ. அடுத்த முறை மருந்து ஏற்றலாமா என்பதையும் அவ்வெண்ணைக் கொண்டே முடிவு செய்கின்றனர்.

நம் காலனியில் இந்நோய் கண்ட வீடுகள் இப்பொழுதும் உள்ளன. பெயர் சொல்ல வேண்டியதில்லை. அவ்வீட்டார்க்கு எழுத்தர் என்ற முறையில் ஒரு வேலையை மட்டும் பரிந்துரைக்கிறோம். அறிக்கைகளை நாள்வாரியாகக் கோப்பில் இடுங்கள். ஒவ்வொன்றின் மேலும், இரத்தம் எடுத்த நாளுக்கு முன் என்ன மருந்து உண்டார், காய்ச்சல் இருந்ததா, எத்தனையாம் நாள் என்பதைப் பென்சிலால் குறியுங்கள். ஓர் எண்ணைக் காட்டிலும் எண்களின் வரிசை மருத்துவர்க்கு மிகுதியும் உதவும். விகிதத்தைப் பற்றி அவரிடம் கேட்பதிலும் தவறில்லை; எம் மனைவியாரின் மருத்துவரே முதலில் எடுத்த 2 என்பதைத் தம் குறிப்பில் எழுதியிருந்தார், மற்றப் பத்துச் செய்திகளோடு பதினோராவதாக. அடுக்களையில் நின்று தீர்ப்பெழுதுவதுதான் கூடாது. சீட்டைப் பீரோவில் ஒட்டுங்கள். வெப்பமானி ஒன்றை வாங்கி வையுங்கள்.

ஆறு முறையும் மருந்து ஏற்றி முடிந்தது. கதிர்வீச்சும் முடிந்தது. இப்பொழுது ஆறு மாதத்திற்கொருமுறை மும்பை செல்கிறோம். சென்ற மாதமும் சென்று வந்தோம். இன்று காலை வாயிலில் நீங்கள் கண்ட பெருங்கோலம் அவர் போட்டதே. நமக்கு மாலையில் வரப்போகும் புளியோதரையும் அவர் மேற்பார்வையில்தான் ஆகிறது. கோப்பு இப்பொழுது எம் வசமில்லை. அதனை அவர் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார்; சாவி அவர் முந்தானையில். அறிக்கை வந்த நாளில் மட்டும் எமக்குக் காட்டுவார். அப்பொழுதும் பென்சிலை வாங்கி வைத்துக்கொண்டுதான் காட்டுவார்.